கம்பாலாவில் ஒரு மயிலம்

திங்கட்கிழமை வந்தால் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுக்காரர்கள்தான். பட்டாவுக்கு ஒருவர், பென்ஷனுக்கு ஒருவர், தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு ஒரு தெருவே. அந்தக் கூட்டத்தில் தையல்நாயகி மூன்றாவது வாரமாக வந்து நின்றாள். அவளுக்குப் பட்டாவும் வேண்டாம், பென்ஷனும் வேண்டாம். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று யாராவது சொன்னால் போதும்.

புருஷன் பெயர் திருமுருகன். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு. அது போக, போர் போடுகிற வண்டியில் நல்ல வேலைக்காரன். ஆப்பிரிக்காவில் உகாண்டா என்று ஒரு தேசம் இருக்கிறதே கண்ணுகளா, அதன் தலைநகரம் கம்பாலா. அங்கே ஒரு போர்வெல் கம்பெனிக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆயிற்று. போன மாதம் கம்பெனிக்காரன் வண்டியைப் பூட்டிவிட்டு, இவன் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். இவன் மட்டும், முதலிலிருந்தே வாடகைக்கு இருந்த தகரக் கொட்டகையிலேயே கிடந்தான். கடைசியாக ஒரு சனிக்கிழமை போன் பண்ணினான்.

"ஜுரம்மா. மூணு நாளா எழுந்துக்க முடியல. நாளைக்கு பேசறேன்."

அந்த நாளை வரவேயில்லை. இன்றோடு பதினாறு நாள். பதினாறு என்கிற எண்ணைத் தையல்நாயகி வாயால் சொல்லவில்லை. வீட்டில் மற்றவர்கள் அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் மனு எழுதிக் கொடுக்காமல் இல்லை. முதல் வாரமே கொடுத்தாள். புருஷன் இருக்கும் இடம் என்ற வரிக்குக் கீழே, அவன் போனில் சொன்னபடியே எழுதச் சொன்னாள். "மயிலம் மலையிலிருந்து இறங்கி, நேரு வீதி வழியாக வந்து, கிடங்கல் ஏரிக்கு இந்தாண்ட, தகரம் போட்ட வரிசை வீட்டில் மூணாவது வீடு." அந்த மனு மேஜை மேஜையாகப் போய், கடைசியில் ஒரு உள்ளூர்க் காவல் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. அங்கிருந்து ஒரு போலீஸ்காரர் போன் செய்தார். "ஏம்மா, மயிலத்துல விசாரிச்சாச்சு, கிடங்கல்லயும் விசாரிச்சாச்சு. உங்க வூட்டுக்காரரு அங்க எங்கயும் இல்லம்மா." அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதியிருந்ததைத்தான் அவர் தேடினார்.

நம் பக்கத்து ஜனங்கள் வழி சொல்லும் அழகு உங்களுக்குத் தெரியாதா? கதவு எண்ணும் சொல்ல மாட்டோம், தெருப் பெயரும் சொல்ல மாட்டோம். கோயிலைச் சொல்வோம், மரத்தைச் சொல்வோம், யார் வீட்டு மாட்டுக் கொட்டாய் என்று சொல்வோம். திருமுருகனுக்கு அந்த ஊர்ப் பெயர்கள் நாக்கில் நிற்கவில்லை. பெண்டாட்டிக்கும் புரிய வேண்டும். அதனால் கண்ணில் பட்டதற்கெல்லாம் திண்டிவனத்துப் பெயராக வைத்துவிட்டான். ஒரு வருஷமாக அவள் அந்த ஊரைக் காதாலேயே சுற்றி வந்திருந்தாள். ஒரே ஒரு இடத்துக்குக்கூட நிஜப் பெயர் தெரியாது. லொகேஷன் அனுப்பு என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. தூதரகத்துக்குப் போன் போட்டபோது அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "கம்பாலா பெரிய ஊரம்மா. எந்தப் பகுதி?" அவள் மயிலம் என்று சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் மலர்விழி என்ற பெண் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மூன்றாவது மனுவை அடிக்க அங்கே போய் உட்கார்ந்தார்கள், தையல்நாயகியும் அவள் கொழுந்தன் தேவநாதனும். மணி பன்னிரண்டரை இருக்கும்.

பழைய மனுவைப் படித்த மலர்விழி நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, உகாண்டாவுல ஏதுக்கா மயிலம்?"

"அது நம்ம மயிலம் இல்ல பொண்ணு. அங்க ஒரு மலை மேல கோயிலு இருக்குதாம். அதுக்கு அவரு வச்ச பேரு."

"அப்ப நேரு வீதி?"

"அதுவும் அவரு வச்சதுதான்."

"நல்லா வச்சாரு போ," என்றான் தேவநாதன். "மூணு வாரமா இதே பேஜாரு. அண்ணி, ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? அங்க வேற குடும்பம் வச்சிக்கினு போனை ஆஃப் பண்ணிட்டான்றாங்க."

"வச்சிக்கினு இருக்கட்டும். உசுரோட வச்சிக்கினு இருக்கட்டும்," என்றாள் தையல்நாயகி.

மலர்விழி கம்ப்யூட்டரில் கம்பாலா, மலை, கோயில் என்று அடித்துப் பார்த்தாள். அந்த ஊரே ஏழு மலை மேல் கட்டினதாம். மலைக்கு மலை ஒரு கோயிலோ மசூதியோ இருந்தது. இதில் எது அவனுடைய மயிலம்? அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. 'கம்பாலா வரலாற்று நடை, நேரலை' என்று போட்டிருந்தது.

"லைவ்வுக்கா இது. இப்ப, இந்த நிமிஷம் நடக்கறது. அங்க காலைல பத்து மணி."

தொப்பி போட்ட ஒரு ஒல்லி மனிதன், குச்சியில் கைப்பேசியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பெயர் முகாசா. சுற்றுலாக்காரர்களுக்கு ஊரை நடந்து காட்டுவதுதான் அவன் தொழில். திங்கட்கிழமைகளில் மட்டும், நேரில் வர முடியாதவர்களுக்காக இப்படி நேரலை. பார்க்கிறவர்கள் எழுதுவதைப் படித்துப் பதில் சொல்லியபடியே நடந்தான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் நின்றது ரயில் நிலையத்து வாசலில். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை மலர்விழி தமிழில் சொன்னாள். "கடற்கரையிலேர்ந்து இந்த நாட்டுக்கு ரயில் பாதை போட, இந்தியாவுலேர்ந்து ஆயிரக்கணக்கான பேரைக் கப்பல்ல கொண்டாந்தாங்களாம். நிறைய பேரு..." என்று நிறுத்திவிட்டாள்.

"நிறைய பேரு?"

"திரும்பிப் போகலையாம்கா."

தையல்நாயகி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த ஆளுகிட்ட சொல்லு மலரு. அவரு சாவக் கெடக்கறாருன்னு எழுது," என்றாள்.

மலர்விழி எழுதினாள். முகாசா குனிந்து படித்தான். முகம் மாறியது. தொப்பியைச் சரி செய்துகொண்டு எல்லாருக்குமாகச் சொன்னான்: "நண்பர்களே, போன வருஷம் இதேபோல ஒருவர் எழுதினார். நோயாளி இருக்கிறார், வா என்றார். போனேன். அந்தச் சந்தில் என் கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டு, இரண்டு பல்லையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். மன்னியுங்கள். வரலாறு கேளுங்கள், சொல்கிறேன்."

மறுபடி எழுதினாள். அதை அவன் படிக்கவேயில்லை. வேறு யாரோ ஒருவர், இந்த ஆளை வெளியே தள்ளுங்கள் என்று எழுதினார்.

"ஆச்சா? எழுந்திரு அண்ணி. மனு குடுக்கற நேரம் முடியப்போவுது."

தையல்நாயகி எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்தாள். அந்த மனிதன் நின்றிருக்கும் மண்ணில்தான் அவளுடைய புருஷன் எங்கேயோ கிடக்கிறான். இந்த ஆளின் கால்களைத் தவிர அவளுக்கு அந்த ஊரில் வேறு கால் இல்லை.

"வரலாறுதான கேக்கணும்ன்றான்? கேளு. எந்த மலை மேல கோயில்ல மோளம் அடிச்சி ஜனத்த கூப்புடுவாங்கன்னு கேளு."

"இது எப்படிக்கா உனக்கு..."

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணா மோளம் கேக்கும். மயிலத்துல மோளம் அடிக்கறாங்கம்மான்னுவாரு."

மலர்விழி இந்தத் தடவை 'விழுப்புரம்' என்று வேறு பெயரில் எழுதிய கேள்வியைப் படித்ததும் முகாசாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நமிரெம்பே! அருமையான கேள்வி, விழுப்புரம் நண்பரே. மேலே செங்கல் தேவாலயம் இருக்கிறது. மணிக்குப் பதில் பெரிய பெரிய முரசுகள். இன்று பழைய கோட்டை மலைக்குப் போவதாக இருந்தேன். பரவாயில்லை, அங்கேயே போவோம்."

நமிரெம்பே. தையல்நாயகி அந்தப் பெயரை நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். மயிலத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

முகாசா நடந்தான். வெள்ளை வேன்கள் ஈ மொய்த்தாற்போல் நின்ற ஒரு மைதானம் வந்தது. பைக்கில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், தலையில் வாழைத்தார் சுமந்த பெண்கள், குப்பைமேட்டில் ஆள் உயரத்துக்கு நின்ற வழுக்கைத்தலைப் பறவைகள். ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று கதை சொன்னான். ஒவ்வொரு நிற்றலுக்கும் தையல்நாயகி தொடையைக் கிள்ளிக்கொண்டாள். ஜல்தி போ சாமி, ஜல்தி போ.

மலை ஏற முக்கால் மணி ஆயிற்று. மேலே போய் அவன் கேமராவைத் திருப்பினான். கீழே கண்ணுக்கெட்டிய வரை தகரக் கூரை. சிவப்பும் துருவுமாகத் தகரம், தகரம், தகரம். இதில் எந்தத் தகரத்தின் அடியில் என்று தேட? மலர்விழியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் நகம் பதிந்தது.

"அடுத்தது கேளுக்கா," என்றாள் மலர்விழி.

"நீட்டா ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் மிருகம் மிருகமா பொம்ம வச்சிருக்கும். நேரு வீதி அது."

"ராஜ வீதி!" என்றான் முகாசா. மலையிலிருந்து இறங்கினால் பக்கம்தானாம். இந்த மண்ணின் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சின்னம் உண்டு, அந்தச் சிலைகள்தான் அவை என்றான். வீதி நடுவில் ஒரு வட்டம். அதை ஊடறுத்து நேராக ஒரு பாதை, அதற்குக் கதவு. அந்தப் பாதையில் ராஜா மட்டும் போவார். மற்ற எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

"நாம சுத்திக்கினுதான போறோம்," என்று முணுமுணுத்தாள் தையல்நாயகி.

இதற்குள் கடையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்றார்கள். மனு கொடுக்கும் நேரம் முடிந்துபோனது. தேவநாதன் அதைச் சொல்லவில்லை. அவனும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மனுஷன் கையால வெட்டின ஏரி எங்க இருக்குன்னு கேளு."

முகாசா நின்றுவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "ராஜாவின் ஏரி. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆபத்து வந்தால் படகில் தப்பிப் போகலாம் என்று, ஜனங்களை விட்டு வெட்ட வைத்தார் ஒரு ராஜா. பெரிய ஏரி வரைக்கும் வாய்க்கால் போக வேண்டும். அது முடியவேயில்லை." கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினான். "விழுப்புரம் நண்பரே, வரலாற்றுப் புத்தகம் படித்தவர்கள் அரண்மனையைக் கேட்பார்கள். நீங்கள் கேட்பது ஒருவன் தினம் வீட்டுக்கு நடக்கிற வழி. நீங்கள் யார்?"

மலர்விழி தையல்நாயகியைப் பார்த்தாள்.

"உள்ளத சொல்லிடு," என்றாள் அவள். "மொதல்ல எழுதினதே நாங்கதான்னு சொல்லு. அவரு வச்ச பேரு எல்லாத்தையும் சொல்லு. அப்பால அவன் இஷ்டம்."

மலர்விழி எழுத எழுத அங்கே மழை பிடித்தது. முகாசா ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கிப் படித்தான். மயிலம், நேரு வீதி, கிடங்கல் எல்லாவற்றையும் படித்தான். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை முப்பதானது, பன்னிரண்டானது, ஆறானது. மழையையும் மௌனத்தையும் யார் பார்ப்பார்கள்? அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பொய் சொல்கிறவர்கள் என்னை ஒரே வாக்கியத்தில் ஒரு சந்துக்குக் கூப்பிட்டார்கள்," என்றான். "இந்த அம்மா என்னை இரண்டு மணி நேரம் நடத்தி வந்திருக்கிறார். உங்கள் எண்ணைக் கொடுங்கள்."

நேரலையை நிறுத்திவிட்டு, மலர்விழியின் போனுக்கு வீடியோவில் வந்தான். வாடகை பைக் ஒன்றில் ஏறி ஏரிக்கரைக்குப் போனான். சாம்பல் நிறத் தண்ணீரில் மழை குத்திக்கொண்டிருந்தது.

"ஏரிக்கு இந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்?"

தையல்நாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தாண்ட! ஒரு வருஷமாக அவன் சொல்லி அவள் கேட்ட வார்த்தை. சொல்கிறவன் நிற்கிற இடத்தைப் பொறுத்தது இந்தாண்டயும் அந்தாண்டயும். அவன் எங்கே நின்று சொன்னான்?

"மலையிலேர்ந்து வர்ற பக்கமா இருக்கும்," என்றான் தேவநாதன். "அத பாக்கச் சொல்லு."

முகாசா அந்தக் கரையில் தேடினான். தகர வரிசை ஆறோ ஏழோ இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்றாவது கதவைத் தட்டினான். ஒரு வீட்டில் தையல்காரன், ஒரு வீட்டில் நாய், ஒன்றில் நாலு குழந்தைகள். இந்தியன் யாரும் இல்லை என்றார்கள். அரை மணி போயிற்று. அவன் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. "அம்மா, வேறு ஏதாவது? எதுவானாலும்?" என்றான்.

அவளுக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. எத்தனை பேச்சு பேசினோம், ஒன்றுகூட உருப்படியாகக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பிட்டியா, தூங்கினியா, வெயிலா மழையா.

வெயில்.

"மலரு! சாயங்காலம் போன் பண்ணா, வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது, இரு கதவ சாத்திக்கினு வர்றேன்னுவாரு. வாசப்படியில உக்காந்தா ஏரி தெரியுதுன்னுவாரு. அப்ப வாசல் மேக்க பாத்தது. ஏரி வூட்டுக்கு மேக்கால. வூடு கெழக்குக் கரையில இருக்குது! கெழக்கால போவச் சொல்லு!"

விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குத் திசை தப்புமா? முகாசா கிழக்குக் கரைக்கு ஓடினான். ஓடுகிறவன் கையில் போன் குலுங்கியது. திரையில் ஒரு முறை வானம், ஒரு முறை சேறு.

அங்கே ஒரு வரிசை. மூன்றாவது கதவு வெளியே கொண்டி போட்டிருந்தது. தேவநாதன், "ஐயோ அண்ணே," என்று முகத்தை மூடிக்கொண்டான்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் கரி அடுப்பு விசிறி. முகாசா அவர்கள் பாஷையில் கேட்டான். அவள் படபடவென்று கொட்டினாள். அவன் ஆங்கிலத்தில் சொல்ல, மலர்விழி தமிழில் சொன்னாள். "உள்ளதான் இருக்காராம்கா. ஜுரம் விட்டு விட்டு வருதாம். இந்தம்மாதான் கஞ்சி ஊத்துதாம். போன் திருட்டுப் போச்சாம். நேத்து பிதற்றிக்கினு ஏரிப் பக்கம் நடந்து போயிட்டாராம், அதான் பயந்து கொண்டி போட்டிருக்குது. யாருக்குச் சொல்றதுன்னு தெரியலையாம். கேட்டா ஏதோ ஊர்ப் பேரா சொல்றாராம், இங்க யாருக்கும் அந்த ஊரு தெரியலையாம்."

கொண்டி திறந்தது. இருட்டு. பிறகு ஒரு பாய். பாயில் ஒரு உருவம். தாடியும் எலும்பும்தான். தையல்நாயகி உற்றுப் பார்த்தாள். இது அவன் இல்லை என்று ஒரு கணம் நினைத்தாள். முகாசா போனை அந்த முகத்தருகே கொண்டுபோனான்.

"மாமா," என்றாள். "மாமா, நான்தான்."

கண் திறந்தது. மஞ்சள் பூத்த கண். அவளைப் பார்த்தது.

"எந்த பஸ்ல வந்த?" என்றான்.

தையல்நாயகிக்கு அழ நேரமில்லை.

"பாண்டி பஸ்ல வந்தேன் மாமா. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கூட்டமா?"

"உக்கார எடம் கெடச்சுது. நீ எழுந்திரு."

முகாசாவும் அந்தப் பெண்ணும் தூக்கினார்கள். காத்திருந்த வாடகை பைக்காரன் முன்னால், திருமுருகன் நடுவில், பின்னால் முகாசா, ஒரு கையால் அவனைக் கட்டிக்கொண்டு, மறு கையால் போனை அவன் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டான். பைக் கிளம்பியது. "அவரைத் தூங்க விடாதீர்கள், பேசுங்கள்!" என்று மழைக்கு மேல் கத்தினான்.

திரையில் ஒரு காதும் கொஞ்சம் தாடியும்தான் தெரிந்தன. அவள் பேசினாள். எது வாயில் வந்ததோ அது. "மாமா, மல்லாட்ட புடுங்கற நேரம். ஆளு கெடைக்கல. உன் தம்பிதான் ஆளு இட்டாந்து புடுங்கறேன்னு சொல்லிக்கினு திரியுது. மாமா, கேக்குதா? உன் தம்பிகிட்ட உட்டுடட்டுமா?"

பைக் சத்தம், மழைச் சத்தம்.

"யோவ்! உன்னத்தான்யா கேக்கறேன்! கொல்லைய உன் தம்பிகிட்ட உட்டுடட்டுமா?"

"அவனையா," என்றது மழைக்குள்ளிருந்து ஒரு குரல். "பாதிய... எலிக்கு உட்டுடுவான்."

தேவநாதன் அழுதுகொண்டே தலையாட்டினான். "ஆமாண்ணே, ஆமா," என்றான்.

அப்புறம் அவன் பேசவில்லை. அவள் எத்தனையோ கத்திப் பார்த்தாள். ஒரு வாசல், வெள்ளைச் சுவர், ஓடுகிற கால்கள். முகாசா, "உள்ளே போனுக்கு அனுமதி இல்லை," என்றான். திரை கறுத்துப் போனது.

அந்த அரை மணியை நான் எப்படிச் சொல்ல? வாசலில் பஸ்கள் போயின. யாரோ டீ வாங்கி வைத்தார்கள். அது ஆடை கட்டிப் போனது. தையல்நாயகி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, போனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. படம் இல்லை, குரல் மட்டும். மலர்விழி கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "மலேரியா முத்திப் போச்சாம்கா. ரத்தம் ரொம்பக் கம்மியாம். நாலு நாளு போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்றாராம்."

"நெனவு இருக்குதான்னு கேளு."

மலர்விழி கேட்டாள். அந்தப் பக்கம் முகாசா என்னவோ சொல்ல, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் விளங்கவில்லை.

"ஊசி போட வந்தா கையை இழுத்துக்கறாராம்கா. மூணு நர்சு புடிக்க வேண்டியதாப் போச்சாம்."

தையல்நாயகி அப்போதுதான் அழுதாள். அந்த மனுஷன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். ஊசி என்றால் ஊரைக் கூட்டுவான்.

"இன்னும் கெட்டியா புடிச்சிக்கச் சொல்லு," என்றாள்.